கோடை விடுமுறையும் பேட்டரியும்

மணலூர்பேட்டையில் தை 5-ஆம் நாள் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா முடிந்ததும் சில வீட்டு வாசல்களில் கார்கள் உறை போர்த்தி நின்றுவிடும். உரிமையாளர்கள் பெங்களூருவிலோ சென்னையிலோ வேலையில் இருப்பார்கள். சித்திரையில் வந்து சாவியைத் திருகினால் ‘டிக் டிக்’ என்ற சத்தம் மட்டும் வரும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது கணினி ஆய்வகத்தின் யூபிஎஸ் பேட்டரிகளுக்கும் இதே நிலை வரலாம். “ஓடவே இல்லையே சார், எப்படிக் கெட்டுச்சு?” என்று எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டார். அதையே பாடமாக எடுத்துக்கொண்டேன்.

காரிலும் யூபிஎஸ்ஸிலும் பெரும்பாலும் இருப்பது காரீய-அமில பேட்டரி. 1859-இல் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் பிளான்டே உருவாக்கியது. மின்சாரம் எடுக்க எடுக்க இரு தகடுகளிலும் காரீய சல்பேட் படியும். கந்தக அமிலம் நீர்த்துப்போகும். சார்ஜ் செய்தால் இது திரும்பிவிடும். எதையும் இணைக்காவிட்டாலும் இவ்வினை உள்ளே மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். சார்ஜ் இறங்கிய நிலையில் வாரக்கணக்கில் விட்டால் சல்பேட் பெரிய படிகங்களாக இறுகிவிடும். பிறகு சார்ஜ் செய்தாலும் முழுமையாகக் கரையாது. ஆக, கெடுப்பது உழைப்பு அல்ல, வெறுமனே கிடப்பது.

கனடா போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் காரை நிறுத்திவைப்பவர்களுக்கு வேறு கவலை. முழு சார்ஜில் உள்ள அமிலம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் இறங்கினால் அது தண்ணீரைப் போலாகி, மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். நமக்கு எதிரி வெயில். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் தானாகச் சார்ஜ் இறங்கும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும்.

வகுப்பில் இரண்டு பழைய பைக் பேட்டரிகளைக் கடையில் முழுமையாகச் சார்ஜ் செய்து வாங்கிவந்தோம். ஒன்றை வகுப்பறை அலமாரியிலும், மற்றதைச் சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகையில் பூட்டிய பெட்டியிலும் வைத்தோம். வாரம் ஒருமுறை மல்டிமீட்டரில் நான் அளக்க, மாணவர்கள் வரைபடத்தில் குறித்தார்கள். கொட்டகைப் பேட்டரி சற்று வேகமாக இறங்கியது. “ரெண்டுக்கும் ஒரே வயசா சார்?” என்றான் பின்வரிசை மாணவன். வரைபடத்தைவிட இக்கேள்விதான் எனக்குப் பிடித்தது. மீண்டும் சார்ஜ் செய்து இடம் மாற்றி வைத்தோம். இம்முறையும் கொட்டகையில் இருந்ததே முந்தியது, வேறுபாடு சிறிதுதான். அமிலம், தீப்பொறி இரண்டின் ஆபத்தையும் முதல் நாளே விளக்கிவிடுங்கள். பேட்டரியை மாணவர்கள் தொட வேண்டாம்.

சில மணி நேரம் பயன்படுத்தாமல் வைத்த 12 வோல்ட் பேட்டரி 12.7 காட்டினால் முழு சார்ஜ், 12.4 என்றால் சார்ஜ் ஏற்றும் நேரம்; 12.0 வந்தால் ஏறக்குறைய காலி.

காரில் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் நின்ற இடத்திலேயே மின்சாரம் குடிக்கும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் முழுச் சார்ஜ் ஏற்றி, எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்ற வேண்டும். நேர்முனையை முதலில் கழற்றினால் ஸ்பேனர் காரின் உடலில் பட்டுத் தீப்பொறி பறக்கும். திரும்ப மாட்டும்போது எதிர்முனை கடைசி. ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பதால் பயன் இல்லை. ஸ்டார்ட்டர் எடுத்ததே திரும்பி வராது. சிமெண்ட் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்பது பழைய காலப் பெட்டிகளுக்குச் சொன்னது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்குப் பொருந்தாது.

பள்ளிக்கு வருவோம். விடுமுறைக்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் வழக்கம். அப்போது யூபிஎஸ் பேட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொண்டே இருக்கலாம். அதனால் கடைசி வேலைநாளுக்கு முன்பே முழுச் சார்ஜ் ஏற்றுங்கள். தண்ணீர் ஊற்றும் வகையானால் மட்டம் பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரோ அமிலமோ வேண்டாம். பிறகு யூபிஎஸ்ஸை அணைத்து, பேட்டரிக்கான பிரேக்கரையும் இறக்கிவிடுங்கள். மே மாதத்தில் சேர்க்கைக்காகத் தலைமையாசிரியர் வரும் நாளில் ஒரு பகல் முழுவதும் சார்ஜில் போடலாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வெளியேறும் என்பதால் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். கடைசியாக அளந்த தேதியையும் வோல்ட்டையும் ஒரு தாளில் எழுதிப் பேட்டரி ஸ்டாண்டில் ஒட்டிவிட்டால், ஜூனில் முதலில் வருபவருக்கு உதவும்.