வேருக்கும் மூச்சு வேண்டும்

இராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடம் வட்டாரம் மல்லிகை நாற்றுக்குப் பெயர் பெற்றது. மதுரை மல்லித் தோட்டங்களுக்கும் இங்கிருந்து நாற்று செல்கிறது. கடற்கரை மணலில் மல்லிகைக் குச்சி நன்கு வேர் பிடிப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், தண்ணீர் வடிந்ததும் மணலுக்குள் காற்று புகுவதுதான். அதே குச்சிக்குப் பல நாள் தேங்கிக் கெட்ட நீரை அளவுக்கு மீறி ஊற்றினால் வேர் அழுகிவிடும்.

வேர் ஏன் மூச்சு விடுகிறது?

இலை தயாரித்து அனுப்பும் சர்க்கரையைப் பிராணவாயுவின் துணையால் எரித்து வேர் சக்தி பெறுகிறது. அந்தச் சக்தியைக் கொண்டே சத்துகளை உறிஞ்சுகிறது. உப்பு உள்ளே ஏறாமல் தடுக்கிறது. பிராணவாயு குறைந்தால் வேரால் நீரைக்கூடச் சரிவர எடுக்க முடியாது. அடியில் தண்ணீர் நின்றும் செடி வாடுவது இதனால்தான். உவர் நிலத்தில் தீங்கு இன்னும் மிகுதி. தடுப்பு தளர்ந்ததும் உப்பு இலைக்கு ஏறி ஓரம் கருகும். நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்றறைகள் இருப்பதால் அது தேங்கிய நீரில் வாழ்கிறது. மல்லிகைக்கும் மிளகாய்க்கும் அந்த வசதி இல்லை.

நீரில் உள்ள பிராணவாயு

20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான். உவர் நீரில் இது மேலும் குறையும். குட்டையிலும் தொட்டியிலும் விழும் இலை, சருகு, சாணம் ஆகியவை மக்கும்போது இருக்கும் பிராணவாயுவையும் தின்றுவிடும். பாசி படர்ந்த நீரில் பகலில் பிராணவாயு கூடும். இரவில் குறைந்து விடியற்காலையில் மிகவும் தாழும். அடிநீரில் அழுகிய முட்டை வாடை வீசினால் அங்கே பிராணவாயு தீர்ந்துவிட்டது என்று அறியலாம்.

செய்ய வேண்டியவை

1. தொட்டிக்குப் பனை ஓலையால் நிழல் அமைக்கவும். நீர் சூடேறாது, பாசியும் குறையும். சருகையும் சேற்றையும் அவ்வப்போது அகற்றவும்.

2. பம்பின் உறிஞ்சு குழாயை அடிச்சேற்றில் விடாமல், காலி டப்பாவில் கட்டி, நீர்மட்டத்திற்கு ஒரு முழம் கீழே நிற்கச் செய்யவும்.

3. குழாய் நீரை நேரே தொட்டிக்குள் விடாமல், உயரத்திலிருந்து கல்லின் மேல் சிதறி விழச் செய்யவும். காற்றில் சிதறும் நீர் பிராணவாயுவை ஏற்கும். இரும்புச் சத்துள்ள நீரானால் அது துருவாகப் படியும். தெளிந்த பின் பாய்ச்சவும்.

4. நாற்றுகளுக்குப் பூவாளியால் ஊற்றுவது நன்று. ஆனால் உவர் நீர் இலைமேல் படக்கூடாது. படுமானால் இலை கருகும். அதை வேரடியிலேயே விடவும்.

மண்ணின் காற்றே முதன்மை

நீரைச் சிதறவிட்டால் மட்டும் போதும் என்று எண்ணுவது தவறு. ஒரு லிட்டர் காற்றில் உள்ள பிராணவாயு, 30 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் உள்ளதைப் போல் முப்பது மடங்குக்கும் மேல். மேலும், நீருக்குள் பிராணவாயு நகரும் வேகம், காற்றில் நகர்வதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே மண் இடுக்கில் காற்று நிற்க வழி செய்வதே முதல் வேலை. நாற்றுப் பைகளின் அடியில் துளைகள் அடைபடாமல் பார்க்கவும். மேல்மண் சற்று உலர்ந்த பிறகே மறுதண்ணீர் விடவும். மக்கிய தொழு உரம் இட்டால் களிமண்ணும் பொலபொலப்பாகும்.

இராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. மானாவாரியாகப் பயிராகும் இம்மிளகாய்க்கு மழை வேண்டும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வயலில் நீர் நின்றால் வேர் மூச்சுத் திணறும். மழைக்கு முன்பே பார் அமைத்து, வடிகாலை வெட்டி, அந்நீரைப் பண்ணைக்குட்டைக்குத் திருப்பவும். வயலும் வடியும், தை மாதத்திற்கு நீரும் கிடைக்கும்.

வாடிய செடி ஒன்றைப் பிடுங்கி வேரைப் பார்க்கவும். மண் உலர்ந்து, வேர் வெளுத்து உறுதியாக இருந்தால் தண்ணீர் தேவை. மண் ஈரமாக இருந்து, வேர் பழுப்பேறி, தோல் உரிந்து, நாற்றமடித்தால் தண்ணீரை நிறுத்தி வடிகாலைத் திறக்க வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்த பிறகே மடையைத் திறப்பது நலம்.