டீட்ரிக் ஃபான் ஹில்டெபிராண்டின் வாழ்வும் அறநோக்கும்

ஆய்வுச் சுருக்கம்

செருமானிய இறைநம்பிக்கைச் சிந்தனையாளர் டீட்ரிக் ஃபான் ஹில்டெபிராண்டின் (1889-1977) அறக்கோட்பாட்டை அவர்தம் வாழ்க்கை நிகழ்வுகளோடு இணைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. அறப்பிழைக்கு அறியாமை மட்டுமன்றி, காண விரும்பாத மனநிலையும் காரணமாகும் என்னும் அவர் கருத்து இங்கு மையமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: விழுமியம், மறுமொழி, விழுமியக் குருடு, தோற்றப்பாட்டியல், இறைமை.

முன்னுரை

ஒரு செயலை நற்செயல் ஆக்குவது எது? அது தரும் இன்பம் என்பர் ஒருசாரார். கடமையுணர்வு என்பர் கான்ட் வழியினர். இவ்விரண்டிலிருந்தும் ஹில்டெபிராண்ட் வேறுபடுகிறார். எதிர்நிற்கும் ஒன்றன் விழுமியத்திற்கு மனிதன் அளிக்கும் தகுந்த மறுமொழியே அறத்தின் உயிர்நிலை என்பது அவர் கொள்கை.

வாழ்க்கைப் பின்புலம்

சிற்பி அடால்ஃப் ஃபான் ஹில்டெபிராண்டின் மகனாக 1889 ஆம் ஆண்டு இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பிறந்தார். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் தோற்றப்பாட்டியல் அறிஞர் எட்மண்ட் ஹூசர்லிடம் ஆய்வு மேற்கொண்டார். அடால்ஃப் ரைனாக், மேக்ஸ் ஷேலர் ஆகியோரின் சிந்தனையும் அவரை உருவாக்கியது. 1914 இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். முதல் உலகப்போருக்குப் பின் மியூனிக் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

விழுமியமும் மறுமொழியும்

ஒரு பொருள் நமக்கு முதன்மை பெறும் வழிகள் மூன்று என அவர் பகுப்பார்: நமக்கு உவப்பளித்தல், நமக்கு உண்மையான நன்மையாதல், தன்னளவிலேயே விழுமியம் உடைத்தாதல். மேடையில் கிடைக்கும் புகழ்ச்சி ஒருவனுக்கு உவப்பளிக்கிறது. அவன் விரும்பாவிடின் அதன் முதன்மை மறைகிறது. கண்டெடுத்த பணத்தை உரியவரிடம் சேர்க்கும் ஏழையின் நேர்மையோ, காண்பவர் விரும்பினும் விரும்பாவிடினும் மதிப்பை வேண்டி நிற்கிறது. அவ்வேண்டலுக்கு அறிவு, விருப்பாற்றல், இதயம் என்னும் மூன்றாலும் விடையளித்தலே மறுமொழி. உணர்ச்சியை அறத்திற்குப் புறம்பானதாகக் கருதாது, இதயத்திற்கும் உரிய இடம் அளித்தமை இவர்தம் தனிச்சிறப்பு.

இறைநம்பிக்கை இல்லாதவரும் இவ்விழுமியங்களைக் காணவியலும் என்பதை அவர் மறுக்கவில்லை. ஆயினும் அவற்றின் இறுதி அடித்தளம் ஆளுமையுடைய இறைவனே என்பது அவர் முடிபு. 1953 இல் வெளிவந்த ‘கிறித்தவ அறவியல்’ இக்கருத்தை விரித்துரைக்கிறது.

விழுமியக் குருடு

1922 இல் வெளியான ஆய்வில் அறக்காட்சி மங்கும் வகைகளை அவர் விளக்குகிறார். சிலர்க்கு விழுமிய உலகம் முழுமையும் புலப்படாது. சிலர்க்குக் குறிப்பிட்ட சில விழுமியங்கள் மட்டும் புலப்படா. மூன்றாம் வகையினர் பொதுநெறியை நன்கு அறிவர். தம் நலன் குறுக்கிடும்போது மட்டும், அந்நெறிக்குள் தம் செயல் அடங்குவதைக் காணார். பொய் தீதென்று கற்பிக்கும் ஒருவர், தாம் உரைக்கும் பொய்யைப் பொய்யென்றே உணராமை இதற்குச் சான்று. இக்குருட்டின் வேர்கள் செருக்கும் அவாவும் ஆகும். எனவே தெளிவாகக் காணுதலும் அறப்பொறுப்பின்பாற்படும்.

வாழ்வில் கோட்பாடு

1914 இல் செருமனி பெல்ஜியத்தின்மீது படையெடுத்தது குற்றமே என்று 1921 இல் பாரிசில் அவர் வெளிப்படக் கூறினார். தன் நாட்டின் தவற்றைத் தவறெனக் கண்ட இக்கூற்று தேசியவாதிகளின் பகையை ஈட்டித் தந்தது. 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் நாட்டைவிட்டு வெளியேறினார். வியன்னாவில் நாசி எதிர்ப்பு வார இதழ் ஒன்றை நடத்தினார். 1938 இல் ஆஸ்திரியா வீழ்ந்தபோது அங்கிருந்தும் தப்பி, பிரான்சு வழியாக 1940 இல் அமெரிக்கா சேர்ந்தார். நியூயார்க்கின் ஃபோர்டாம் பல்கலைக்கழகத்தில் 1960 வரை கற்பித்து, 1977 இல் மறைந்தார்.

இவ்விடத்து ஒரு முரணும் சுட்டத்தக்கது. அவர்தம் வியன்னா இதழ் எங்கெல்பெர்ட் டோல்ஃபுசின் ஆட்சியை ஆதரித்தது. நாசியத்திற்கு அரணாக அவ்வாட்சியை ஹில்டெபிராண்ட் கருதினார். ஆனால் 1933 இல் நாடாளுமன்றத்தைச் செயலிழக்கச் செய்ததும் அவ்வாட்சியே. பெருந்தீமையைத் தெளிவாகக் கண்ட பார்வை, அதனை எதிர்த்து நின்ற துணைவரின் குறையை அதே அளவிற்குக் கண்டதா என்னும் வினா எழுகிறது. மூன்றாம் வகைக் குருடு பற்றிய அவர் பகுப்பே இவ்வினாவை எழுப்பும் கருவியைத் தருகிறது.

முடிவுரை

ஹில்டெபிராண்டின் அறநோக்கில் காணுதல், மதித்தல், செய்தல் ஆகிய மூன்றும் பிரிக்கவியலாதவை. தன் நாட்டிற்கு எதிராகச் சான்று பகர்ந்ததும், பதவியையும் நாட்டையும் துறந்ததும் அக்கோட்பாட்டின் வாழ்வியல் வடிவங்களாகும். டோல்ஃபுசு ஆட்சிக்கு அவர் அளித்த ஆதரவு அக்கோட்பாட்டைப் பொய்யாக்கவில்லை. அறக்காட்சியை வகுத்துரைத்தவரும் தம் பார்வையை இடையறாது சோதிக்கக் கடமைப்பட்டவர் என்பதை உறுதிப்படுத்துகிறது. அவர்தம் அரசியல் எழுத்துகளை அறவியல் நூல்களோடு ஒப்பிட்டு ஆராய்வது மேலாய்விற்குரிய களமாகும்.