நாற்பது மணி நேரத்தை அரை வரியில் தாண்டிய தம்பிக்கு

நாகமலை புதுக்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

பள்ளிப் பெண்கள் கபடி அணியோடு டெல்லி போய்வந்து தம்பி எழுதிய கட்டுரையை இந்தக் கிழவன் இரண்டு தடவை படித்தாயிற்று. முதல் தடவை சந்தோஷம், இரண்டாம் தடவை எரிச்சல். நடை, தலைப்பு, தகவல் சரிபார்ப்பு பற்றியெல்லாம் தம்பிக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை. எரிச்சலைக் கிளப்பியது அரை வரி: 'நீண்ட பயணத்துக்குப் பின் தலைநகரை அடைந்த அணி...'

மதுரையிலிருந்து நிஜாமுதீனுக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸில் ஏறினாலும் சம்பர்க் கிராந்தியில் ஏறினாலும் நாற்பது மணி நேரம் தாண்டிவிடும். பன்னிரண்டு பிள்ளைகளும் ஒரு பி.டி. டீச்சரும் இரண்டு ராத்திரி அதில் கிடந்திருக்கிறார்கள். அதற்கு அரை வரி. காலிறுதியில் தோற்ற கடைசி ரெய்டுக்கு மூன்று பத்தி! கபடியில் ஒரு ரெய்டு முப்பது நொடி. என்ன கணக்கு தம்பி இது?

அந்த ரெய்டில் பிள்ளைக்குக் கால் ஏன் வரவில்லை என்பதற்குப் பதில் ரயிலில் இருந்திருக்கும். முன்பதிவு 120 நாளுக்கு முன் திறந்த காலம் போய், 2024 நவம்பர் 1 முதல் 60 நாள் ஆகிவிட்டது. பள்ளி அணிக்கு அந்த அறுபது நாளும் எங்கே கிடைக்கிறது? குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று ஏறி, அணி முடிவாகும்போது தேசியப் போட்டி கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் வெயிட்டிங் லிஸ்ட், தட்கால், ஒரு பெர்த்தில் இரண்டு பேர். மாணவர், நோயாளி, மாற்றுத்திறனாளி தவிர மற்றவர்களுக்கான கட்டணச் சலுகைகளை 2020 மார்ச்சில் ரயில்வே நிறுத்தியபோது விளையாட்டு வீரர் சலுகையும் அதோடு போனது. இதற்கு மேல் எடை. எடை வரம்புள்ள பிரிவில் ஆடும் பிள்ளை, எடை பார்க்கும்வரை வயிற்றைக் காயப்போடும். ரயிலில் எல்லோரும் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒருத்தி மட்டும் மேல் பெர்த்தில் சுருண்டு படுத்திருந்தாளா, இல்லையா? தம்பி கூடவேதானே போனார்?

வெளியூர் போகும் பள்ளி அணியைப் பற்றி நாடே பேசிய சம்பவங்களை எண்ணிப் பார்க்கட்டும். எதுவும் ஸ்கோர் போர்டில் நடந்ததில்லை. 2022 செப்டம்பரில் உத்தரப் பிரதேசத்து சஹாரன்பூரில் 17 வயதுக்குட்பட்ட பெண்கள் கபடி. பிள்ளைகளுக்கான சோறு விளையாட்டரங்கக் கழிவறைத் தரையில் வைக்கப்பட்டிருந்தது வீடியோவாக வெளிவந்து, மாவட்ட விளையாட்டு அதிகாரி பணியிடை நீக்கம் ஆனார். அந்தப் போட்டியில் எந்த அணி ஜெயித்தது என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? 2017 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் பசிபிக் பள்ளி விளையாட்டுப் போட்டி. இந்தியாவிலிருந்து போன பெண்கள் கால்பந்து அணியில் 15 வயதுப் பிள்ளை ஒருத்தி கடற்கரையில் அலை இழுத்துக்கொண்டு போய் இறந்தாள். மைதானத்துக்கு வெளியே பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அப்போதுதான் மேலே வந்தது.

பள்ளி தாண்டிக் கல்லூரிக்குப் போனாலும் இதே கதைதான். 2025 ஜனவரியில் பஞ்சாபின் பதிண்டாவில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பெண்கள் கபடி. ஆட்டத்தில் தகராறு முற்றி நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மீது நாற்காலிகள் பறந்தன. கூடப் போன பயிற்சியாளரைப் போலீஸ் விசாரணைக்கு அழைத்துப்போய்ப் பிறகு விட்டது. மொழி தெரியாத ஊரில் பயிற்சியாளர் ஸ்டேஷனிலும் பிள்ளைகள் வெளியிலுமாக இருந்த அந்த நேரத்தை யாராவது எழுதினார்களா? எழுதியிருந்தால் பத்து இறுதி ஆட்டத்துக்குச் சமம்.

போகாத பயணமும் பயணந்தான். 2023 ஜூனில் நடந்த தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளுக்குத் தமிழ்நாட்டு மாணவர்கள் போகவே இல்லை. திறமைக்குக் குறைவில்லை, வந்த கடிதம் உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் போகவில்லை. ஒரு காகிதம் ஒரு மேசையில் தூங்கியதால் ஒரு வருஷ உழைப்பு போயிற்று. வயது வரம்புப் போட்டியில் அடுத்த வருஷம் என்று ஒன்று எல்லோருக்கும் கிடையாது.

இரண்டாவது எரிச்சல், அந்த வெறுங்கால். 'வெறுங்காலில் ஓடி வறுமையை வென்ற' என்று தம்பியும் எழுதிவிட்டார். நம் சக்கிமங்கலம் ரேவதி வீரமணி டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடர் ஓட்டம் ஓடியபோது எத்தனை பேர் அவளது பழைய வெறுங்காலையே எழுதித் தீர்த்தார்கள்! பெற்றோரை இழந்த பேத்தியைக் கூலி வேலை பார்த்து வளர்த்த பாட்டி, பயிற்சிக்கு அனுப்ப முதலில் மறுத்தார். பயிற்சியாளர் கண்ணன் பேசிப் பேசித்தான் சம்மதம் வாங்கினார். அந்தத் திண்ணைப் பேச்சில்தான் ஒலிம்பிக் தொடங்கியது. பெண்பிள்ளையை வெளியூர் அனுப்பும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து எப்படி விழுந்தது என்பதைப் பன்னிரண்டு வீட்டிலும் கேட்டிருந்தால், வறுமை என்ற சொல்லே தம்பிக்குத் தேவைப்பட்டிருக்காது.

வெறுங்காலைத்தான் எழுதுவேன் என்றால் அதையும் ஒழுங்காக எழுதலாம். ஊரில் செம்மண் தரையில் ஆடிய பிள்ளை, தேசியப் போட்டியில் மேட் விரிப்பில் ஷூ போட்டு ஆட வேண்டும். புது ஷூ குதிகாலில் கொப்புளம் போடும். மண்ணில் சறுக்கிக் கோட்டைத் தொடுகிற கால், விரிப்பில் பிடித்துக்கொண்டு நிற்கும். இது ஆட்டத்தின் தொழில்நுட்பம். தம்பிக்கு அழுகை கண்ணை மறைத்துவிட்டது.

அந்தக் காலத்தில் அணியோடு அரிசி மூட்டையும் ஸ்டவ்வும் போகும். தேனி ரோட்டில் பஸ் ஏறும்போது கண்டக்டர் மூட்டைக்கு லக்கேஜ் கேட்பார்; பி.டி. வாத்தியார், "கோப்பை ஜெயிச்சு வந்து தர்றேன்யா" என்பார். போன ஊரில் ஏதோ ஒரு பள்ளியின் வகுப்பறையில் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுத் தூக்கம். சமையல் வாத்தியாரே. பருப்பு வேகவில்லை என்று சண்டை போட்ட பையன்கள் மறுநாள் மைதானத்தில் ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காமல் ஆடித் தோற்றதும் உண்டு. பத்திரிகையில் வந்தது என்னவோ 'போராடித் தோற்றது'தான். தம்பியும் அதே இரண்டு சொல்லை எழுதியிருக்கிறார்.

இப்போது காட்சி மாறிவிட்டது. 2025இல் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கிக்காக நம் மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கே வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். சென்னையும் மதுரையும் சேர்ந்து 24 அணிகளுக்கு இடம் கொடுத்தன. பாகிஸ்தான் விலகியதால் ஓமன் உள்ளே வந்தது. கடைசி நேரத்தில் பெட்டி கட்டிய அந்த ஓமன் பையன்கள் மதுரையில் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதக்கூட இங்கே ஆள் இல்லை.

கட்டுரையில் பதினோராம் பத்தி. ஆட்டத்துக்கு முன் ஏழு பேரும் கழற்றிக் கொடுத்த கம்மல்களைக் கைக்குட்டையில் முடிந்து, மாற்று ஆட்டக்காரி ஒருத்தி ஆட்டம் முழுக்க இடுப்பில் செருகி வைத்திருந்தாள் என்று ஒரு வரி. தம்பி, இந்த மாதிரி ஒரு வரிக்காக இந்தக் கிழவன் விளையாட்டுப் பக்கத்தில் முப்பது வருஷத்தைத் தரத் தயார். ஒரு அணி என்றால் என்ன என்பது அதில் இருக்கிறது. இங்கே யாரும் இவ்வளவு நன்றாக எழுதி இந்தக் கிழவன் பார்த்ததில்லை. ஆனால் அவள் களத்தில் இறங்கினாளா? இறங்கியிருந்தால் முடிச்சு யார் கைக்குப் போனது? அதை விட்டுவிட்டு அடுத்த வரியில் 'விசில் ஊதியது' என்று ஓடிவிட்டார்.

குறுவட்டப் போட்டிகள் தொடங்க இன்னும் காலம் இருக்கிறது. அதற்குள் தம்பி அந்த டீச்சரை மறுபடி பார்க்க வேண்டும். தட்காலுக்கும் ஸ்டேஷனிலிருந்து தங்குமிடம் போன வண்டிக்கும் கைப்பணம் போட்டிருப்பார். கேட்டால் சிரித்து மழுப்புவார். பள்ளி அலுவலகத்தில் எழுத்தரைப் பிடித்தால் பில் கட்டு எங்கே நிற்கிறது என்று சொல்வார். தொகையோடு எழுதி அனுப்பவும்.

அன்புடன்,
பழைய விளையாட்டுப் பக்கத்துக்காரன்