எரிகோ சாலையில் ஒரு தியானம்

திருமலையில் பல மணி நேரம் வரிசையில் காத்திருந்து சந்நிதியை அடையும் பக்தர், பெருமாளைக் காணக் கிடைத்த அந்தச் சில விநாடிகளில் கண்களை மூடிக் கைகூப்பி நிற்பதைப் பார்த்திருப்போம். புறத்தே காண வந்ததை அவர் அகத்தே காண்கிறார். மனத்தில் உருவை நிறுத்தி வழிபடும் இந்த ஆற்றலை நம் மரபு பாவனை என்கிறது. திருநின்றவூர்ப் பூசலார் கல்லும் மரமும் இன்றிக் கோயில் எடுத்ததும் இதனால்தான்.

கிறிஸ்தவ மரபில் பாவனையை முறையான சாதனையாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் புனித இஞ்ஞாசியார். போரில் காயமுற்று மனம் மாறிய அவர், 1522-23-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் தவமியற்றிப் பெற்ற அனுபவங்களிலிருந்து பிறந்ததே 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூல். விவிலிய நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொண்டு, இடத்தைக் காண்க, மனிதர்களைக் காண்க, அவர்கள் பேசுவதைக் கேட்க, பிறகு ஆண்டவரிடம் நண்பனைப்போல் உரையாடுக என்று அது பயிற்றுகிறது.

அவர் நிறுவிய இயேசு சபையின் துறவியர் 1598 முதல் திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரிக்கு வந்தனர். விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடர் அவர்களை வரவேற்றார். ஓவியம் வல்ல சபைச் சகோதரர் ஒருவரும் அவரது அவையில் இருந்தார். வேங்கடர் கடைசிவரை திருவேங்கடவனின் அடியாராகவே இருந்தார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கற்பனையில் நம் ஆசைகளே இறைவன் உருவில் வந்து பேசாதா? வேதாந்தம் பயின்றோர்க்கு இந்த ஐயம் எழுவது இயல்பே. இஞ்ஞாசியார் இதற்கு இரண்டு வேலிகள் இடுகிறார். முதலாவது, நிகழ்ச்சியை உள்ளது உள்ளபடி மனத்தில் பதித்த பின்னரே பாவனை. இரண்டாவது, இயேசு பிறந்த குகையைத் தியானிப்பவர் அங்கே தகுதியற்ற ஓர் ஏழைப் பணியாளாக நின்று ஏவல் செய்ய வேண்டும். கதாநாயகனாகும் வாய்ப்பே நமக்கு இல்லை! அந்நூலின் ஆழ்ந்த நுட்பம் இதுவே என்பது நம் கருத்து.

மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் வரும் பர்த்திமேயுவின் நிகழ்ச்சியை இருமுறை நிதானமாகப் படியுங்கள். பின் நூலை மூடிவிடுங்கள். எரிகோவை விட்டுச் செல்லும் சாலை. புழுதி, வெயில், பெருங்கூட்டத்தின் காலடியோசை. ஓரத்தில் பார்வையற்ற பிச்சைக்காரர் ஒருவர், இரக்கம் வேண்டிக் கூவுகிறார். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள்?

நம்மில் பலர் உடனே பர்த்திமேயுவின் இடத்தில் போய் அமர்ந்துவிடுவோம். அவசரப்பட வேண்டாம். கூட்டத்தோடு சிறிது தூரம் நடந்து பாருங்கள். அந்தக் கூச்சல் காதில் விழும்போது எரிச்சல் வருகிறதா? அவரை அதட்டி அடக்குகிறவர்களின் குரலில் நம் குரலும் கேட்கிறதா? வரிசையில் முன்னே ஒரு முதியவர் தடுமாறி நின்றபோது நம்முள் எழுந்த குரல் அதுதானே!

இயேசு நிற்கிறார். அவரே பர்த்திமேயுவிடம் செல்லவில்லை. அழைத்து வருமாறு சூழ நின்றவர்களிடமே சொல்கிறார். அதட்டிய வாய்தான் இப்போது அழைக்க வேண்டும். இயேசுவிடம் நாம் பேசத் தொடங்குமுன், சாலையோரம் சென்று அந்த மனிதரிடம் பேச வேண்டியிருக்கிறது. என்ன சொல்வோம்? சொல் எழாவிட்டால் அவர் அருகிலேயே நின்றுகொண்டிருங்கள். மறுநாளும் இதே பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். கனிந்த இடத்திற்கே மீண்டும் வரச் சொல்கிறார் இஞ்ஞாசியார்.