தசைக்கும் வேண்டும் விடுமுறை

எடை தூக்கும் நேரத்தில் தசை வளர்வதில்லை; அதன் இழைகளில் நுண்ணிய சேதம்தான் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்து வலுவாக்கும் வேலை, பயிற்சி முடிந்தபின் 24 முதல் 48 மணி நேரம் வரை நடக்கிறது. அதற்குள் அதே தசையைக் கடுமையாக வருத்தினால் பலன் குறையும், காயத்துக்கும் வாய்ப்புண்டு. "ஒரு நாள் விட்டாலே உடம்பு தளர்ந்துவிடுமே" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. சேர்த்த வலிமை, இரண்டு வாரம் சும்மா இருந்தாலும் பெரிதாகக் குறையாது. தினமும் நடப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். மிதமான நடைக்கு ஓய்வுநாள் அவசியமில்லை. தசைப் பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் கேட்பதும் வாரத்தில் குறைந்தது 2 நாள்தான். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடக் கூடியிருந்தாலோ, மாடிப்படி ஏறும்போதே தொடை கனத்தாலோ, அன்று டம்பெல்லைத் தொடாதீர்கள். இரவு நன்றாகத் தூங்குங்கள்.