வெட்டுப்புள்ளி தவறியபின்

கேள்வி: உயர்தரத்தில் முதல் தடவை மருத்துவ பீடம் கிடைக்கவில்லை. மறுதடவை வாய்ப்பு எப்படி? (வாசகர், சுன்னாகம்)

பதில்: மருத்துவ பீட அனுமதி இசட் புள்ளியையும் மாவட்டத்தையும் பொறுத்தது. ஒவ்வொரு பாடத்திலும் பெற்ற புள்ளியிலிருந்து நாடளாவிய சராசரியைக் கழித்து, நியம விலகலால் வகுத்தால் வருவது அப்பாடத்தின் இசட் பெறுமானம். மூன்றின் சராசரியே இசட் புள்ளி. பௌதிகவியல் வினாத்தாள் கடினம் என்றால் அது எல்லோருக்கும்தான் கடினம், அதை நொந்து பயனில்லை.

இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கும் 55 வீதம் மாவட்டத் திறமைக்கும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் உரியவை. ஆகவே சுன்னாகத்து மாணவர் பார்க்கவேண்டியது யாழ். மாவட்ட வெட்டுப்புள்ளியை, கொழும்பினதை அல்ல. அது ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குவதால் நாலைந்து ஆண்டுகளை ஒருங்கே பார்ப்பதே சரி.

வெட்டுப்புள்ளிக்கு 0.2 குறைந்தவருக்கு நிலைமை மோசமில்லை. இரசாயனவியல் மட்டும் காலை வாரியிருந்தால், அதில் 0.6 உயர்ந்தாலே சராசரி 0.2 ஏறிவிடும். மூன்று பாடமும் ஒருசேரச் சறுக்கியிருந்தால் ரியூட்டரியை மாற்றுவது மட்டும் போதாது. ஒரே அமர்வின் பெறுபேறுதான் கணக்கில் வரும் என்பதால் நன்றாகச் செய்த பாடங்களையும் திரும்ப எழுதவேண்டும். மொத்தம் மூன்று தடவைகளே உண்டு. இதற்கிடையில் வேறொரு கற்கைநெறி கிடைத்தால், பதிவு செய்யுமுன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாசிப்பது அவசியம். பதிவு, மறுபடி விண்ணப்பிக்கும் தகுதியைப் பாதிக்கக்கூடும்.