படச்சுருளும் வேதியியலும்

வேதியியல் படிப்பவனுக்குத் திரைப்படக் கல்வி எதற்கு என்று நண்பர் பலர் வினவினர். சென்ற ஆண்டு ஒரு பருவம் புனே நகரில் தங்கித் திரைப்படம் பயின்றபின், அதற்கு விடை கூற என்னால் இயலும்.

பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் இன்று திரைப்படக் கல்லூரி இயங்குகிறது. 1964இல் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகமும் அந்நகரிலேயே உள்ளது. அங்கு நான் கற்ற முதற்பாடம், படச்சுருளும் ஒரு வேதிப்பொருளே என்பதாகும்.

1950களின் தொடக்கம் வரை திரையரங்குப் படச்சுருள்கள் பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. தீப்பற்றினால் நீரில் அமிழ்த்தினாலும் அணையா. எரிவதற்கான ஆக்சிஜன் அப்பொருளிலேயே அடங்கியுள்ளது. பின்னர் வந்த அசிட்டேட் சுருளுக்கோ வேறு நோய். வெப்பமும் ஈரமும் தாக்கினால் அசிட்டிக் அமிலம் வெளிப்பட்டுக் காடி நாற்றம் வீசும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். குளிர்ந்த, உலர்ந்த அறையில் வைத்தால் நோய் தணியும், தீராது.

சுருளிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காக அழிக்கப்பட்ட படங்களும் உண்டு. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' இன்று ஒரு பிரதியும் இல்லாமல் மறைந்துவிட்டது.

ஏட்டுச்சுவடிகளைத் தேடி உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தார். படச்சுருள்களையும் தேடிக் காக்க ஆட்கள் வேண்டும். நம் ஆய்வுக்கூடத்தில் கற்கும் கல்வி அப்பணிக்கும் உரியது என்பதை மாணவ நண்பர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.